போர்டு கடைக்குத் தமிழ் எழுத்தை வெக்டராக எடுத்துக் கொடுப்பது எப்படி

புதுக் கடைக்குப் பெயர்ப் பலகை செய்யக் கொடுக்கும்போது நிறையப் பேர் பெயரை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிட்டு, "நல்ல ஃபாண்டா பார்த்துப் போடுங்கண்ணே" என்று விட்டுவிடுகிறார்கள். ஃப்ளெக்ஸ் பேனருக்கு அது போதும். அக்ரிலிக் எழுத்து, ஸ்டீல் எழுத்து, ஏ.சி.பி. ஷீட்டை (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) குடைந்து செய்யும் லைட் போர்டு, கண்ணாடிக் கதவுக்குக் கட்டிங் ஸ்டிக்கர் என்று போனால் போதாது. ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டராகட்டும், லேசராகட்டும், சுழலும் முனையால் ஷீட்டைக் குடையும் சி.என்.சி. ரூட்டராகட்டும், அவற்றுக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது. ஓரக்கோடு மட்டும்தான். அப்படி ஓரக்கோடாக இருக்கும் வரைபடத்தைத்தான் வெக்டர் என்கிறோம். கோடு எங்கே பிசகியிருக்கிறதோ அங்கேயே கத்தி போகும். ஷீட் வெட்டுப்பட்ட பிறகு அதைத் திருத்த வழி இல்லை.

இங்கே சொல்லும் முறைக்குப் பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் போதும். போர்டு கடைகளில் கோரல் டிராதான் அதிகம் ஓடுகிறது என்பதால் அதற்கான கட்டளைகளும் ஆங்காங்கே வருகின்றன. உதாரணத்துக்கு 'பொன்னி மளிகைக் கடை' என்ற பெயரையும் 10 அடிக்கு 3 அடி பலகையையும் வைத்துக்கொள்வோம்.

முதலில் கடையில் கேட்க வேண்டியது

வண்ணாரப்பேட்டையோ தண்டையார்பேட்டையோ பாரிமுனையோ, எந்தக் கடையில் கொடுத்தாலும் கணினியில் உட்காரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எதில் வெட்டப் போகிறீர்கள்? எந்த வகை ஃபைல் வேண்டும், கோரல் என்றால் எந்தப் பதிப்பு? எழுத்து என்ன பொருளில், எத்தனை மி.மீ. தடிமனில்?

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எழுத்துருவைத் தீர்மானிப்பதே அதுதான். ரூட்டரில் 3 மி.மீ. பிட் (சுழன்று வெட்டும் முனை) போட்டு வெட்டினால் 3 மி.மீ.க்குக் குறைந்த இடுக்குக்குள் பிட் நுழையாது. உள்மூலைகளும் கூர்மையாக வராமல் 1.5 மி.மீ. ஆரத்தில் உருண்டுதான் வரும். லேசரில் அந்தத் தொல்லை இல்லை. பிளாட்டரில் வெட்டும் ஸ்டிக்கரில் சிக்கல் வேறு: வெட்டுவது சுலபம், வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போதுதான் மெல்லிய கோடுகள் கூடவே பிய்ந்து வரும்.

பொருளின் அளவும் தெரிந்திருக்கட்டும். அக்ரிலிக், ஏ.சி.பி. ஷீட்டுகள் பொதுவாக 8 அடிக்கு 4 அடி. ஸ்டிக்கர் ரோல் 2 அடி அல்லது 4 அடி அகலம். நம் பலகை 10 அடி என்பதால் 8 அடி ஏ.சி.பி. ஷீட்டில் கட்டாயம் ஒரு இணைப்பு வரும். அந்த இணைப்பு எழுத்தின் நடுவே விழாமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விழும்படி இப்போதே ஒரு குறிக்கோடு போட்டுக்கொண்டால் நல்லது.

பெயரை உறுதி செய்யுங்கள்

எழுத்தைக் கோடாக மாற்றிவிட்டால் பிறகு தட்டச்சுத் திருத்தம் கிடையாது. மளிகைக் கடை, ஜவுளிக் கடை, நகைக் கடை, தேநீர்க் கடை எல்லாவற்றிலும் ஒற்று உண்டு. போர்டில் இடம் போதவில்லை என்று ஒற்றைத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்தை ஒரு சுற்று சிறிதாக்கலாம், ஒற்றை விட வேண்டியதில்லை.

அரசு விதிப்படி தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்பது கடைப்பிடிக்கச் சொல்லும் விகிதம். சவுகார்பேட்டை பக்கம் இந்தியையும் சேர்த்து மூன்று மொழியில் போர்டு வைக்கிறவர்கள் வரைபடத்தைத் தொடங்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். தமிழ் எழுத்து 6 அங்குலம் என்றால் ஆங்கிலப் பெரிய எழுத்து 3.6 அங்குலத்தோடு நிற்க வேண்டும்.

யூனிகோடா, பாமினியா

முதல் தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். கடையில் பல வருடமாகப் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்திருப்பார்கள். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினியில் 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே ஆங்கிலமாகத் தெரியும். மாறாக, உங்கள் போனில் அடித்த யூனிகோடு தமிழைப் பாமினியில் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது வேறு எழுத்துரு தானாக உள்ளே நுழைந்துவிடும்.

இன்னொரு வகைக் கோளாறு இதைவிட மோசம், ஏனென்றால் சட்டென்று கண்ணில் படாது. கோரலின் பழைய பதிப்புகளுக்கு யூனிகோடு தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாது. 'பொன்னி'யில் உள்ள 'பொ'வுக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், 'னி'யின் மேல்விலங்கு ஒட்டாமல் தள்ளி விழும். தமிழ் படிக்கத் தெரியாதவர் இயந்திரத்தில் இருந்தால் அப்படியே வெட்டிவிடுவார். அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே கதைதான். டைப் விருப்பங்களில் இந்திய மொழி வசதியைத் திறந்து, பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தால்தான் தமிழ் சரியாகக் கோத்து வரும். இங்க்ஸ்கேப்பில் அப்படி எதையும் திறக்க வேண்டாம், அடித்ததும் சரியாக வரும். நாம் அதைத் தேர்ந்தெடுக்க அதுவே காரணம்.

எழுத்துருவுக்கு அலைய வேண்டாம். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, பாலு தம்பி, அனெக் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகப் பலகைக்கும் பயன்படுத்தலாம். தெருவில் நின்று பார்க்கும் போர்டுக்கு முக்தா மலர், கேடமரன் இரண்டின் தடித்த எடைகளையும் (எடை என்றால் கோட்டின் தடிமன்) தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். பாலு தம்பி உருண்டு குண்டாக இருக்கும். பேக்கரிக்குப் பொருந்தும், பத்திர எழுத்தர் அலுவலகத்துக்குப் பொருந்தாது.

பெயர் நீளம், பலகை சிறிது என்றால் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கத் தோன்றும். நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே இருக்கும். 'ட', 'ப' இரண்டிலும் அது உடனே தெரிந்துவிடும். அனெக் தமிழில் ஒடுங்கிய அகலத்துக்கென்றே தனி வடிவம் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா காலத்து போர்டைப் பார்த்து அப்படியே வேண்டும் என்கிற பழைய கடைக்காரர்களுக்கு ஒரு சொல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'ணை', 'னா' போன்ற வடிவங்கள் இப்போதைய எழுத்துருக்களில் பெரும்பாலும் கிடையாது. அந்த ஓரிரு எழுத்துகளைப் பழைய போர்டின் நேர்ப் படத்தின் மேல் பென் கருவியால் கையாலேயே வரைய வேண்டியிருக்கும்.

6 அங்குல எழுத்து என்றால் எது 6 அங்குலம்?

போர்டு கடையில் பேச்செல்லாம் அடி, அங்குலத்தில்தான். "ஆறு இன்ச் லெட்டர்" என்பார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் குழப்பமில்லை, எல்லாம் ஒரே உயரம். தமிழில் 'ப' ஒரு உயரம், 'னி' ஒரு உயரம், 'மு' இன்னொன்று. ஒற்றெழுத்தின் புள்ளி வேறு மேலே நிற்கும். நீங்கள் 'ப'வின் உயரத்தை நினைத்துச் சொன்ன 6 அங்குலத்தை அவர் மேல்விலங்கு, புள்ளி எல்லாம் சேர்த்த மொத்த உயரமாக எடுத்தால் எழுத்தின் உடல் நாலரை அங்குலத்துக்குச் சுருங்கிவிடலாம். அதனால் "'ப'வின் உடல் உயரம் 6 அங்குலம்" என்று எழுதியே கொடுங்கள். மென்பொருளில் காட்டும் எழுத்துருப் புள்ளி அளவுக்கும் இந்த உயரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 72 புள்ளி ஒரு அங்குலம்தானே என்று கணக்குப் போட்டால் எழுத்து சின்னதாகத்தான் வரும்.

எவ்வளவு உயரம் வேண்டும்? 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது போர்டு தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கூட்டத்துக்குள் நடந்து வருகிறவர் எதிர்ச்சாரியில் 30 அடியில் நின்று பார்ப்பார் என்றால் 3 அங்குலம் போதும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பைக்கில் வருகிறவர் 100 அடிக்கு முன்பே படிக்க வேண்டுமென்றால் 10 அங்குலம். ஆங்கிலத்தைவிடத் தமிழில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் இந்தக் கணக்குக்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது.

ஆசைப்பட்ட உயரத்துக்கு அகலம் இடம் கொடுக்க வேண்டுமே. பலகையின் இரு பக்கமும் அரை அடி விட்டால் மிஞ்சுவது 9 அடி. 'பொன்னி மளிகைக் கடை'யை 10 அங்குலத்தில் ஒரே வரியாகப் போட்டால் அதற்குள் நிற்காது. 6 அங்குலத்துக்குப் பக்கம் இறங்கினால்தான் அடங்கும், எழுத்துருவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். 'பொன்னி'யை மட்டும் பெரிதாக மேலே போட்டு, 'மளிகைக் கடை'யை அடுத்த வரியில் சிறிதாகப் போடுவது இதைவிடக் கண்ணுக்கு எட்டும்.

கோடாக மாற்றும் வரிசை

இங்க்ஸ்கேப்பில் ஆவண அளவை மி.மீ.யில் வையுங்கள். 10 அடி என்றால் 3048, 3 அடி என்றால் 914.4. பெயரை அடித்து, எழுத்துருவையும் எடையையும் தேர்ந்துகொள்ளுங்கள். அதே எழுத்துருவில், அதே அளவில், ஓரமாகத் தனியாக ஒரு 'ப' அடித்து வையுங்கள். அளவு பார்க்க அது உதவும். இந்த நிலையில் ஃபைலை ஒரு பிரதி எடுத்து, திருத்தக்கூடிய மூலமாகத் தனியே சேமித்துவிடுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் தேர்ந்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத். விசைகள் ஷிஃப்ட்-கண்ட்ரோல்-சி. கோரலில் இதுவே கண்ட்ரோல்-க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட்-கண்ட்ரோல்-ஓ. மாற்றியதும் கர்சரை வைத்து எழுத்தைத் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால் இன்னும் மாறவில்லை.

இப்போது அந்தத் தனி 'ப'வைச் சொடுக்கி, மேலே காட்டும் உயரத்தைப் படியுங்கள். 143 மி.மீ. என்று காட்டுகிறது, நமக்கு வேண்டியது 6 அங்குலம், அதாவது 152.4 மி.மீ. என்று வையுங்கள். 152.4-ஐ 143-ஆல் வகுத்தால் 1.0657. எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்து, டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் அகலம், உயரம் இரண்டுக்கும் 106.57 சதவீதம் கொடுங்கள். 'ப' 152.4-க்கு வந்துவிட்டால் மற்ற எழுத்துகளும் சரியான அளவுக்கு வந்திருக்கும். அந்த 'ப'வை அழித்துவிடலாம்.

அடுத்தது ஒட்டு வேலை. எழுத்துகளைக் குழுவிலிருந்து பிரித்து, பார்வையை அவுட்லைனுக்கு மாற்றுங்கள். கோரலில் அதன் பெயர் வயர்ஃப்ரேம். நிறம் போய் வெறும் கோடுகள் மட்டும் தெரியும், இயந்திரம் பார்ப்பது இதைத்தான். 'னி', 'ளி' இரண்டிலும் மேல்விலங்கு எழுத்தோடு சேரும் இடத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். எடையை நகர்த்தி மாற்றக்கூடிய புதுவகை எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்குள்ளேயே இப்படி ஏறி நிற்கும். நிறம் நிரப்பிய படத்தில் இது தெரியவே தெரியாது. பிளாட்டரில் விட்டால் எழுத்தின் நடுவே கத்தி ஓடி, ஸ்டிக்கர் இரண்டு துண்டாகும். யூனியன் கொடுத்தால் சரியாகும். கோரலில் அது வெல்ட்.

வெல்டுக்குப் பதில் கம்பைன் அடிப்பது கோரலில் அடிக்கடி நடக்கும் தவறு. கம்பைன் ஒட்டாது. மேலே ஏறிய பகுதியை ஓட்டையாக்கிவிடும். அதே போல, எழுத்துகளைத் தனித்தனியாக்க பிரேக் அபார்ட் அடித்தால், அதாவது கண்ட்ரோல்-கே அடித்தால், 'ன'வின் சுழிக்குள் இருக்கும் வெள்ளைப் பகுதியும் தனி உருவாகப் பிரிந்து கறுப்பாக நிரம்பிவிடும். அந்தச் சுழியை எழுத்தோடு சேர்த்துத் தேர்ந்து கம்பைன் கொடுத்தால் ஓட்டை திரும்ப வரும். இங்க்ஸ்கேப்பின் புதிய பதிப்புகளில் ஸ்பிளிட் பாத் என்று ஒன்று இருக்கிறது. அது ஓட்டையைக் காப்பாற்றியபடியே பிரிக்கும்.

எழுத்தைச் சுற்றி பார்டர் கோடு போட்டிருந்தால் அதையும் உருவாக மாற்றியாக வேண்டும். ஸ்ட்ரோக் டு பாத், கண்ட்ரோல்-ஆல்ட்-சி. செய்யாவிட்டால் 10 மி.மீ. தடிமனாகத் தெரிந்த பார்டர், வெட்டும்போது நடுவே ஓடும் ஒற்றைக் கோடாகிவிடும்.

புள்ளிதான் படுத்தும்

நம் பெயரில் எழுத்துகள் 9. வெட்டி வரும் துண்டுகள் எத்தனை? 'பொ' மட்டுமே கொம்பு, 'ப', துணைக்கால் என்று மூன்று. 'ன்' இரண்டு, 'னி' ஒன்று. 'மளிகைக்' ஆறு, 'கடை' மூன்று. மொத்தம் 15. எழுத்துக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசும் இடங்களில் புள்ளியும் துணைக்காலும் எழுத்துக் கணக்கில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

1 அங்குல உயர ஸ்டிக்கர் எழுத்தில் புள்ளி 4 மி.மீ. விட்டத்தில்கூட வரலாம். உரிக்கும்போது கழிவோடு போய்விடும். புள்ளியை மட்டும் தேர்ந்து, 'ப'வின் உயரத்தில் கால் பங்குக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். எழுத்துருவை உருவாக்கியவர் முகம் சுளிக்கலாம், ஆனால் புள்ளி சுவரில் நிற்கும். பெரிதாக்கிய பிறகு புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையிலான சந்து குறையும், அதனால் மேலே கொஞ்சம் நகர்த்துங்கள். எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு, ஒரே நகர்வு.

சுவரில் ஸ்டட் (எழுத்தின் பின்னால் நீட்டும் கம்பி) வைத்துப் பொருத்தும் 3டி எழுத்துக்கு ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது இரண்டு ஸ்டட் வேண்டும். ஒன்றே இருந்தால் எழுத்து சுழன்று சாயும். வட்டப் புள்ளி சுழன்றாலும் யாருக்கும் தெரியாது என்பதால் அதற்கு ஒன்று போதும். சதுரப் புள்ளியுள்ள எழுத்துரு எடுத்தவர்கள் அதற்கும் இரண்டு போட்டாக வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையோரம் உப்புக்காற்றில் சாதா இரும்பு ஸ்குரூ துருப்பிடித்துச் சுவரில் செம்மண் கோடு இழுக்கும். துளை அளவைக் கடையில் கேட்கும்போதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே எல்.இ.டி. வைத்த எழுத்தென்றால் கோட்டின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். குறைந்தால் மாட்யூல் உட்கார இடமிருக்காது, வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும். அப்படிப்பட்ட எழுத்தில் புள்ளிக்குள் மாட்யூலும் வயரும் நுழைப்பது தனித் தலைவலி. எழுத்து சிறிதென்றால் தனித்தனி எழுத்தை விட்டுவிட்டு, ஏ.சி.பி.யைக் குடைந்து பின்னால் அக்ரிலிக் ஒட்டி, ஒரே பெட்டிக்குள் வெளிச்சம் கொடுக்கும் முறைக்குப் போவது புத்திசாலித்தனம். புள்ளியும் துணைக்காலும் தானாக ஒளிரும். ஒரு கவனம் மட்டும்: எழுத்தைக் குடையும்போது 'ன', 'ண', 'ழ' போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் தீவுகள் தனியாக விழும். அவற்றைப் பொறுக்கி அக்ரிலிக் மேல் திரும்ப ஒட்ட வேண்டும். எத்தனை தீவு என்று எண்ணி ஃபைலிலேயே எழுதிவிட்டால் ஒன்று தொலைந்தாலும் உடனே தெரியும்.

படகுக்கோ தள்ளுவண்டிக்கோ பெயிண்ட் அடிக்க ஸ்டென்சில் வெட்டுகிறவர்களுக்கு ஒட்ட வைக்கவும் வழியில்லை. ஒவ்வொரு தீவுக்கும் 3 முதல் 5 மி.மீ. அகலத்தில் இரண்டு பாலம் விடுங்கள். ஒரே பாலம் விட்டால் தீவு மடங்கி, பெயிண்ட் அடியில் கசியும்.

லோகோ ஜே.பி.ஜி.யாக மட்டும் இருந்தால்

வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படத்தை, தானாகக் கோடாக மாற்றும் டிரேஸ் பிட்மேப்பில் போட்டால் நேர்கோடெல்லாம் பல்லுப் பல்லாக, நூற்றுக்கணக்கான முனைகளோடு வரும். ரூட்டர் ஒவ்வொரு முனையிலும் தயங்கித் தயங்கி ஓடி, ஓரம் சொரசொரப்பாகும். லோகோவில் எழுத்து இருந்தால் டிரேஸ் வேண்டாம், அதே எழுத்துருவைத் தேடித் திரும்ப அடியுங்கள். படத்தை மட்டும் பென் கருவியால் மேலே வரையுங்கள். ஒரு வட்டத்துக்கு நான்கு முனை போதும்.

ஃபைலாகச் சேமிப்பது

பி.டி.எஃப். கொடுப்பதுதான் பாதுகாப்பு. அளவு மாறாமல் போகும், கோரலும் இறக்குமதி செய்துகொள்ளும். ஆனால் பி.டி.எஃப்.பின் வழக்கமான பக்க எல்லை 200 அங்குலம், அதாவது 16 அடி 8 அங்குலம். அதைவிட நீளமான போர்டு என்றால் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து, "அளவு 1:10" என்று ஃபைலின் பெயரிலேயே போடுங்கள்.

எஸ்.வி.ஜி. கொடுத்தால் அளவு மாறும் ஆபத்து உண்டு. இங்க்ஸ்கேப் ஒரு அங்குலத்தை 96 பிக்சலாக எண்ணுகிறது, சில மென்பொருள்கள் 72 ஆக எண்ணும். 6 அங்குலம் 8 அங்குலமாகப் போய் நிற்கும், அல்லது நாலரையாகும். லேசர், ரூட்டருக்கு டி.எக்ஸ்.எஃப். கேட்டால் ஆர்14 வகையில், அடிப்படை அலகு மி.மீ. என்று தேர்ந்து சேமியுங்கள். டி.எக்ஸ்.எஃப்.பைத் திறக்கும் மென்பொருள் அதிலுள்ள எண்ணை அங்குலமாக எடுத்துக்கொண்டால் எழுத்து 25.4 மடங்கு பெரிதாகும். அது நல்லதுதான், பார்த்ததுமே தெரிந்துவிடும். எஸ்.வி.ஜி.யின் தவறுதான் சத்தமில்லாமல் நடக்கும். எந்த வகையாக இருந்தாலும், ஒரு மூலையில் சரியாக 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வரைந்து, 'இது 100 மி.மீ., வெட்ட வேண்டாம்' என்ற குறிப்பையும் கோடாக மாற்றி வையுங்கள்.

கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கரை இடவலம் திருப்பி வெட்ட வேண்டும். யார் திருப்புவது என்று பேசி முடிவு செய்யுங்கள். நீங்களும் திருப்பி, அவரும் திருப்பினால் பழையபடி நேராகிவிடும். நிறத்தைத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டாம். ஸ்டிக்கருக்கும் அக்ரிலிக்குக்கும் கடையில் ஷேட் கார்டு இருக்கும், அதில் உள்ள எண்ணைக் குறித்துக் கொடுங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அல்ல, டாக்குமெண்டாக அனுப்புங்கள். வெட்டும் ஃபைலோடு, சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு ஜே.பி.ஜி.யும் போகட்டும். அவர் திரையில் கொம்பு இடம் மாறியிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பிடிபடும்.

வெட்டத் தொடங்கும் அன்று கடைக்கு நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். ஃபைலை அவருடைய கணினியில் திறக்கச் சொல்லி, முதலில் அந்த 100 மி.மீ. சதுரத்தைச் சொடுக்கி அளவைப் பாருங்கள். பிறகு வயர்ஃப்ரேமில் ஒரு முறை பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் 'ன்' மட்டும் கழிவுத் துண்டில் ஒன்று வெட்டித் தரச் சொல்லுங்கள். சுழி, புள்ளி, தனித் துண்டு மூன்றும் அந்த ஒரு எழுத்தில் இருப்பதால் அது ஒழுங்காக வந்தால் ஷீட்டை ஏற்றச் சொல்லலாம்.